மெதுவோட்டத்தில் நின்றுவிடும் நீரிறைக்கும் இயந்திரம்: காரணமறிந்து திருத்தும் முறை

சிறுபோகத்திலே கிணற்றுநீரை நம்பிப் பயிர்செய்யும் கமக்காரருக்கு நீரிறைக்கும் இயந்திரமே வலக்கை. துலாவும் சூத்திரமும் நின்ற இடத்தில் இன்று சிறிய பெற்றோல் இயந்திரம் நிற்கின்றது. துலா பழுதடைந்தால் ஊர்த் தச்சனும் கயிறும் போதுமாயிருந்தன. இயந்திரம் பழுதடைந்தாலோ, அதன் காரணத்தை அறியாதவர் பட்டணத்துக்குச் செல்லவேண்டியவராகின்றார். அவர் போய்வரும் மூன்று நான்கு நாட்களுள் வெங்காயத் தாள் நுனி கருகும், மிளகாய் பூவுதிர்க்கும், குடலைப் பருவத்து நெல் சப்பியாகும். ஆகவே இயந்திரம் காட்டும் நோய்க்குறிகளை வாசிக்கப் பழகுதல் பயிரின் நோய்க்குறிகளை வாசிக்கப் பழகுவதைப் போலவே அவசியமானதாகும்.

இத்துண்டுப் பிரசுரத்திலே ஒரேயொரு நோய் ஆராயப்படுகின்றது. இயந்திரம் இழுத்தவுடன் தொடங்குகின்றது. முழு வேகத்திற் குறையின்றி நீரிறைக்கின்றது. ஆனால் வேகப்பிடியைக் குறைத்தவுடன் தடுமாறி நின்றுவிடுகின்றது. பாத்திக்குச் சிறிதளவு நீரே விடவேண்டிய வேளையிலும், வாய்க்காலை மாற்றிக் கட்டும் வேளையிலும் இவ்வாறு நின்றுவிடுகின்றது. புட்வால்வு சற்றே கசியுமாயின் குழாயிலுள்ள நீரும் கீழிறங்கிவிட, மறுபடியும் நீர் வார்த்துத் தொடங்க வேண்டியதாகின்றது.

இந்நிலையிற் பலர் இரண்டு தவறுகளைச் செய்கின்றனர். ஒருசாரார் மெதுவோட்டத் திருகாணியை உள்ளே முறுக்கி இயந்திரத்தை எப்போதும் விரைந்தோடச் செய்கின்றனர். மற்றொருசாரார் சோக்கைப் பாதி மூடியவாறே விட்டு இறைக்கின்றனர். இரண்டினாலும் நோய் மறைகின்றதேயன்றி மாறுவதில்லை. பாதி சோக்கில் ஓடும் இயந்திரம் அதிக பெற்றோலைக் குடிப்பதோடு, எரியாத பெற்றோல் உருளையின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிச் சென்று கீழேயுள்ள எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்கின்றது. இதனால் முசலமும் அதன் வளையங்களும் விரைவில் தேயும். சில்லறைச் செலவில் முடியவேண்டிய திருத்தம் அடுத்த போகத்திலே பெருஞ்செலவாகின்றது.

மெதுவோட்டத்தில் இயந்திரம் பெற்றோலை ஏற்கும் விதம்

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். காபுரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் அளவறிந்து கலக்கும் கருவியாகும். அதன் நடுவேயுள்ள ஒடுங்கிய வழியாற் காற்று விரைந்து செல்லும்போது, அவ்விரைவினால் உண்டாகும் உறிஞ்சல் கீழேயுள்ள மிதவைக் கிண்ணத்திலிருந்து பெற்றோலை மேலே இழுக்கின்றது. இப்பெற்றோல் பெரிய ஜெற் எனப்படும் துளைவழியே வருகின்றது.

வேகத்தைக் குறைக்கும்போது காற்றுவழியிலுள்ள தகட்டுக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்கின்றது. அப்போது ஒடுங்கிய வழியிற் காற்றின் விரைவு மிகக் குறைந்துவிடுவதாற் பெரிய ஜெற்றிலிருந்து பெற்றோல் எழுவதில்லை. அவ்வேளைக்கென்றே தகட்டுக் கதவின் விளிம்புக்கு அருகே மற்றொரு நுண்வழி அமைக்கப்பட்டுள்ளது. அதன் ஜெற்றிலுள்ள துளை மயிரிழையிலும் சற்றே தடித்தது. இயந்திரம் மெதுவாக ஓடுங்கால் அதன் உணவு முழுவதும் அத்துளைவழியாகவே வருகின்றது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, முழு வேகத்தில் நன்றாக ஓடி மெதுவோட்டத்தில் நிற்கும் இயந்திரத்தில் அந்நுண்துளை அடைபட்டிருத்தல் பெரும்பாலும் காரணமாகும். இரண்டாவது, மெதுவோட்டத்தில் உட்செல்லும் காற்று மிகக் குறைவாதலால், ஒரு சிறு வெடிப்பினூடாகப் புகும் வேண்டாக் காற்றும் கலவையைக் கெடுத்துவிடும். முழு வேகத்தில் அக்கசிவு பெருவெள்ளத்திற் கலந்த சிறு துளியாய் மறைந்துபோகும். வலிமை குன்றிய தீப்பொறி, முற்றாக மூடாத வால்வு ஆகிய குறைகளும் இவ்வாறே மெதுவோட்டத்தில் முதலில் வெளிப்படும்.

கருவியெடுக்குமுன் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

முதற் கேள்வி: இயந்திரம் எவ்வாறு நிற்கின்றது? விளக்கை அணைத்தாற்போலத் திடீரென நிற்குமாயின் தீப்பொறி தடைப்படுகின்றது என்று ஐயுறுதல் வேண்டும். இருமி, தடுமாறி, ஏறியிறங்கிச் சிறிது சிறிதாக ஓயுமாயின் குறை பெற்றோலிலோ காற்றிலோ உள்ளது.

இரண்டாவது கேள்வி: எப்போது நிற்கின்றது? குளிர்ந்திருக்கும்போது மாத்திரம் நின்று, சூடேறியபின் சரியாகுமாயின் கலவையிற் பெற்றோல் சிறிது குறைவாயிருக்கலாம். மாறாக, சூடேறிய பின்னரே நிற்குமாயின் வால்வின் இடைவெளி, தீப்பொறியை உண்டாக்கும் சுருள், பெற்றோல் தாங்கியின் மூடி ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சோக்கு என்ன சொல்கின்றது? இதுவே எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை. இயந்திரத்தை 5 நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றிய பின், வேகத்தைக் குறைத்து, அது நிற்கப்போகும் தறுவாயிற் சோக்கைக் கால்வாசி மூடிப் பார்த்தல் வேண்டும்.

(அ) சோக்கை மூடியதும் இயந்திரம் தெளிந்து சீராக ஓடுமாயின் அது பெற்றோல் போதாமல் நின்றது. நுண்துளையின் அடைப்பு அல்லது காற்றுக் கசிவே காரணம்.

(ஆ) சோக்கை மூடியதும் கரும்புகை கக்கி முன்னிலும் விரைவாக நிற்குமாயின் பெற்றோல் மிகுந்து நின்றது. காற்று வடிகட்டியின் அடைப்பு அல்லது மிதவைக் கிண்ணம் நிரம்பி வழிதல் காரணம்.

(இ) சோக்கினால் யாதொரு மாற்றமும் இல்லையாயின் தீப்பொறியையும் வால்வையும் ஆராய்தல் வேண்டும்.

சோதிக்கும் ஒழுங்கு

செலவற்றதை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் சோதிப்பதே முறை. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். இரண்டு மூன்றை ஒருங்கே மாற்றியவருக்கு நோய் எதனால் மாறிற்று என்பது தெரியாது. அது மீண்டும் வரும்போது தொடக்கத்திலிருந்தே தேடவேண்டியதாகும்.

1. பெற்றோல். தாங்கியிலிருந்து சிறிதளவை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து 10 நிமிடம் அசையாது வைக்குக. நீர் கலந்திருந்தால் அது அடியிலே தனிப்படையாகத் தங்கும். மழையில் நனைந்த தாங்கியிலும், மூடி சரியாகப் பொருந்தாத கலன்களிலும் இவ்வாறு நீர் சேரும். பழைய வார்னிசு போன்ற நாற்றம் வீசுமாயின் அது நாட்பட்ட பெற்றோல். ஒரு மாதத்துக்கு மேல் இருந்த பெற்றோல் பிசின்போன்ற பொருளை விட்டுச்செல்லும். 2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கிடைத்ததைக் கலன்களில் நீண்டநாள் சேமித்தவர்கள் இதனை நேரிற் கண்டிருப்பர். ஐயமிருப்பின் தாங்கியை வெறுமையாக்கிப் புதுப் பெற்றோல் நிரப்புக.

2. தாங்கியின் மூடி. பெற்றோல் இறங்க இறங்க அவ்விடத்துக்குக் காற்றுச் செல்லுதல் வேண்டும். மூடியிலுள்ள காற்றுத் துளை புழுதியால் அடைபட்டால் இயந்திரம் சிறிதுநேரம் ஓடி நின்றுவிடும். அப்படி நின்றவுடன் மூடியைத் தளர்த்தி மீண்டும் தொடங்கிப் பார்க்குக. தடையின்றி ஓடுமாயின் மூடியைக் கழுவித் துளையைத் திறத்தலே மருந்து.

3. எண்ணெயும் இயந்திரம் நிற்கும் நிலையும். இக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் எண்ணெய் குறைந்தவுடன் தீப்பொறியைத் தடுத்து இயந்திரத்தை நிறுத்தும் கருவி உண்டு. வரம்பிலோ கிணற்றுக்கட்டின் சரிவிலோ இயந்திரம் சாய்ந்து நிற்குமாயின், எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்க, அக்கருவி ஏமாந்து இயந்திரத்தை நிறுத்திவிடும். ஆகவே சமதரையிலே வைத்து எண்ணெய் அளவைப் பார்த்த பின்னரே பிற சோதனைகளைத் தொடங்குக.

4. காற்று வடிகட்டி. புழுதி படிந்த வடிகட்டி மூடிய சோக்கைப் போன்றது. அதனைக் கழற்றிவிட்டு ஒரு கணம் மாத்திரம் ஓட்டிப் பார்க்குக. இயந்திரம் தெளியுமாயின் காரணம் அதுவே. பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, சுத்தமான இயந்திர எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மீளப் பொருத்துக. கடதாசி வடிகட்டியைக் கழுவுதல் ஆகாது. மெல்லத் தட்டிப் புழுதியை நீக்குக, அன்றேற் புதியதை மாற்றுக. வடிகட்டியின்றி நீர் இறைத்தல் கூடவே கூடாது. உட்புகும் மணல் உருளையை அரம்போல் அராவிவிடும்.

5. பிளக்கு. பிளக்கின் நுனி இயந்திரத்தின் நாக்கு எனலாம். இளங்கபில நிறமும் உலர்ச்சியும் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி பெற்றோல் மிகுதியைக் காட்டும். வெண்மை பெற்றோற் குறைவையும் மிகு வெப்பத்தையும் காட்டும். எண்ணெய்ப் பசை வளையங்களின் தேய்வைக் காட்டும். பெற்றோலில் நனைந்திருப்பின் தீப்பொறி இல்லை, அல்லது பெற்றோல் பெருகிவிட்டது. நுனியைத் துடைத்து, இடைவெளியைக் கையேட்டின்படி அமைக்குக. இங்கு பெரிதும் வழங்கும் ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 வகை இயந்திரத்துக்கு அது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் ஆகும். மேற்றொப்பி தளர்ந்திருக்கின்றதா, கம்பி உராய்ந்து தேய்ந்திருக்கின்றதா என்பதையும் பார்க்குக. திடீரென நிற்கும் இயந்திரங்களில் இவ்விரண்டுமே பெரும்பாலும் குற்றவாளிகள்.

6. காற்றுக் கசிவு. காபுரேற்றரை இயந்திரத்தோடு பிணைக்கும் இரு புரியாணிகளும் அதிர்ச்சியினால் நாளடைவில் தளரும். இடையிலுள்ள காஸ்கெற் கிழியும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது அவ்விணைப்பின்மேல் சவர்க்கார நீரைத் தூரிகையாற் பூசுக. அவ்வேளையில் ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் அங்கே கசிவுண்டு. இச்சோதனைக்குப் பெற்றோலைத் தெளித்தல் தீ விபத்தை விலைகொடுத்து வாங்குதலாகும். கசிவு கண்டால் புரியாணிகளைச் சமமாக இறுக்குக. பயனின்றேல் காஸ்கெற்றை மாற்றுக.

7. நுண்துளையின் அடைப்பு. மேற்கூறியவை யாவும் சரியாயிருந்து, சோக்குச் சோதனை பெற்றோற் குறைவையே காட்டுமாயின் காபுரேற்றரைத் திறத்தல் வேண்டும். இயந்திரம் ஆறிய பின், பெற்றோல் வரும் வழியை மூடி, கீழேயுள்ள மிதவைக் கிண்ணத்தைக் கழற்றுக. அதில் அழுக்கோ நீரோ இருப்பின் துடைத்தெடுக்குக. பின்னர் மெதுவோட்ட ஜெற்றைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்குக. துளை தெரியாவிடின் அடைப்பு உறுதி. காபுரேற்றர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினாற் காற்றடித்துத் திறக்குக. ஊசியையோ உருக்குக் கம்பியையோ செலுத்தலாகாது. துளை சற்றே அகன்றாலும் கலவையின் அளவு என்றென்றைக்குமாகக் கெடும். வேண்டுமாயின் மின்கம்பியிலுள்ள மெல்லிய செப்பிழையொன்றைப் பயன்படுத்தலாம்.

கலவைத் திருகாணி உள்ள காபுரேற்றரில், அதனைக் கழற்றுமுன் மெல்ல உள்ளே திருப்பி எத்தனை சுற்றில் அமர்கின்றது என்று எண்ணி எழுதி வைக்குக. திரும்பப் பொருத்தும்போது அதே அளவுக்கு வெளியே திருப்புக. புதிய இயந்திரங்களில் அத்திருகாணி மிகத் திரும்பாதவாறு தொப்பியிடப்பட்டிருக்கும். அதனை உடைத்தல் வேண்டாம்.

இவையனைத்தும் முடிந்த பின்னரே மெதுவோட்டத் திருகாணியைத் தொடுதல் முறை. மேற்சொன்ன இயந்திரத்துக்கு மெதுவோட்டம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று. அளக்கும் கருவி இல்லாதவர், இயந்திரம் சூடேறிய நிலையில், தடுமாற்றமின்றிச் சீராக ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில் அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின் வால்வுகளின் இடைவெளியைச் சோதிப்பித்தல் வேண்டும். அதே வகை இயந்திரத்துக்குக் குளிர்ந்த நிலையில் உட்செல் வால்வுக்கு 0.15 மில்லிமீற்றரும் வெளிச்செல் வால்வுக்கு 0.20 மில்லிமீற்றரும் அளவாகும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முற்றாக மூடாது, அமுக்கம் கசியும். அளவுத் தகடும் பழக்கமும் இல்லாதவர் இதனை இயந்திரம் திருத்துவோரிடம் விடுதலே நன்று. ஆயின் முன்கூறிய ஏழு சோதனைகளையும் தாம் செய்துவிட்டதாக அவரிடம் சொல்லுதல் வேண்டும். அதனால் நேரமும் பணமும் மீதமாகும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள்

பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும் இயந்திரங்களுக்கு வேறொரு குணமுண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. அதற்குச் சூடான இயந்திரம் வேண்டும். மெதுவாக நெடுநேரம் ஓடும் இயந்திரம் குளிர்வடைய, மண்ணெண்ணெய் துளிகளாகவே தங்கி எரியாது போகும், இயந்திரமும் நிற்கும். இது பழுதன்று, எரிபொருளின் இயல்பு. ஆகவே இவ்வகை இயந்திரத்தை மண்ணெண்ணெயில் மெதுவோட்டத்தில் விட்டுவைத்தல் ஆகாது. நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டினால் மிதவைக் கிண்ணத்திற் பெற்றோல் தங்கி, மறுநாட் தொடங்குதல் எளிதாகும்.

1990ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிருந்தபோது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களும் சில துளி பெற்றோலாற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. அவற்றை ஓட்டியவர்கள் சந்தியில் நிற்கும்போதும் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டே நின்றமைக்கு இதுவே காரணம். தேவை கற்பித்த பாடம் அது. பெற்றோல் கிடைக்கும் காலத்தில், செலவைக் குறைக்கும் எண்ணத்துடன் பெற்றோல் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுதல் தகாது. மெதுவோட்டம் கெடும், கரி படியும், எண்ணெய் நீர்க்கும்.

உழவியந்திரமும் மோட்டார்க் காரும்

காபுரேற்றர் உள்ள பழைய கார்களுக்கும் மேற்கூறிய ஒழுங்கே பொருந்தும். கசியக்கூடிய றப்பர்க் குழாய்கள் அவற்றில் அதிகம். மின்னணுக் கருவியாற் பெற்றோல் தெளிக்கப்படும் புதிய கார்களிலோ மெதுவோட்டத்தைத் திருகாணியாலன்றிக் கணினியே ஆளுகின்றது. அங்கே காற்று வடிகட்டியையும் வெடித்த குழாய்களையும் பார்ப்பதோடு அமைந்து, மற்றவற்றைச் சோதனைக் கருவி உள்ளவரிடம் காட்டுதல் வேண்டும். டீசலில் ஓடும் இருசில்லு உழவியந்திரத்துக்குப் பிளக்கும் இல்லை, காபுரேற்றரும் இல்லை. அது மெதுவோட்டத்தில் நிற்குமாயின் டீசல் வடிகட்டியின் அடைப்பு, டீசலிற் கலந்த நீர், குழாயிற் புகுந்த காற்று ஆகிய மூன்றையும் முதலில் நோக்குக.

உயிருக்கு இடர்

நீரிறைக்கும் இயந்திரம் ஏறக்குறைய 7 மீற்றர், அதாவது 23 அடி ஆழத்திலிருந்தே நன்றாக நீரை உறிஞ்சும். கோடையில் நீர்மட்டம் தாழும்போது சிலர் இயந்திரத்தையே கிணற்றினுள் இறக்கி ஓட்டுகின்றனர். அது நின்றுவிட்டால் அதனைத் தொடங்குவதற்குத் தாமும் இறங்குகின்றனர். இதுபோன்ற செயலால் உயிரிழந்தோர் இந்நாட்டில் உளர். இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கிணற்றினுள் தேங்கி நின்று, உணருமுன் மயக்கி, உயிரைக் கவரும். பெற்றோல் மிகுந்து ஓடும் இயந்திரம், சிறப்பாகப் பாதி சோக்கில் ஓடுவது, இவ்வாயுவை மிகுதியாக வெளிவிடும்.

ஆகவே பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளோ மூடிய கொட்டிலினுள்ளோ ஒருபோதும் ஓட்டலாகாது. நீர் எட்டாவிடின் நீரினுள் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியை நாடுதல் வேண்டும். கிணற்றினுள் ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் உடனே பின்தொடர்ந்து இறங்கலாகாது. இறங்கினால் ஒன்றுக்கு இரண்டு உயிர் போகும். உடனே உதவிக்கு ஆட்களையும் தீயணைப்புப் படையினரையும் அழைத்தல் வேண்டும். அஃதன்றி, கழற்றிய பெற்றோலையும் பழைய எண்ணெயையும் கிணற்றருகே ஊற்றுதலும் தவறு. சுண்ணக்கல் நிலத்திலே அது விரைந்து கீழிறங்கி, உங்கள் கிணற்றோடு அயலவர் கிணற்றையும் கெடுக்கும்.

போகம் முடிந்தபின்

இந்நோய் பெரும்பாலும் இயந்திரம் ஓடும்போது பிறப்பதன்று, ஓய்ந்திருக்கும்போது பிறப்பது. காலபோக மழையில் மூலையிலே மூடிவைத்த இயந்திரத்தின் கிண்ணத்தில் மீந்த சிறிது பெற்றோல் உலர்ந்து பிசினாகி நுண்துளையை அடைக்கின்றது. சிறுபோகத்தின் முதல் இறைப்பு நாளில் அது வெளிப்படுகின்றது. ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு கொடுப்பதாயின் தாங்கியை வெறுமையாக்குக. பெற்றோல் வழியை மூடி, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிடுக. கிண்ணத்தின் வடியாணியைத் தளர்த்தி எஞ்சியதையும் வடித்துவிடுக. இதற்குச் செல்வது கால்மணி நேரம். விதைநெல்லைக் காயவைத்துக் கட்டிவைக்கும் அதே கவனத்தை இயந்திரத்துக்கும் கொடுத்தல் தகும்.

இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் பத்திரப்படுத்தி, திருத்திய நாளையும் மாற்றிய பொருளையும் அதன் பின்பக்கத்திற் குறித்துவருதல் நன்று. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அல்லது கமநல சேவை நிலையத்தை அணுகலாம். இயந்திரம் நின்றவுடன் திருகாணியை நாடவேண்டாம். முதலிற் சோக்கைக் கேளுங்கள், பின்னர் பெற்றோலைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே அகப்படும். பயிரும் அன்றைய நீரை அன்றே பெறும்.